ஒரே படம், இரண்டு கட்: சரித்திரப் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

கீழக்கரையில் நான் சிடி கடை வைத்திருந்த காலத்தில் கேட்ட கேள்வியை இன்றைக்கும் கேட்கிறார்கள். "காக்கா (அண்ணா), இதுல எது ஒரிஜினல்? சின்னதா, பெருசா?" கடை மொபைல் கடையாகிவிட்டது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சபுராளிகள் (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள்) பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த டிஸ்க்குகள் மட்டும் என் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலும் ஒரே படத்தின் தியேட்டர் கட் (தியேட்டரில் ஓடிய பதிப்பு), டைரக்டர்ஸ் கட் (இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த பதிப்பு) இரண்டும் இருக்கிறவை என்றால் எனக்கு உயிர்.

கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். எது ஒரிஜினல் என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். பெரிய பதிப்பில் இருக்கிற மனிதர் சின்னதில் எங்கே போனார் என்று தேடுங்கள். மூன்று மணி நேரப் படம் என்றால் தியேட்டரில் ஒரு நாளைக்கு ஒரு காட்சி குறைந்துவிடும். அதனால்தான் கத்தரியை எடுக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த போர்க்காட்சி மேல் அந்தக் கத்தரி அவ்வளவு சுலபமாகப் போகாது. பெண்கள், பிள்ளைகள், பாதிரியார், பணியாள் என்று ஓரத்தில் நிற்கிறவர்கள் மேல்தான் போகும். ஒப்பிடுகிறவர் கண்ணும் அங்கேதான் இருக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இதை உறுதி செய்யாமல் உட்காராதீர்கள். உறையின் பின்பக்கத்தில் நிமிடக் கணக்கு இருக்கும். அதை அப்படியே நம்பவும் கூடாது. நம் நாட்டு டிவிடியும் வளைகுடா நாட்டு டிவிடியும் பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி முறையில் வருபவை. சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. பால் டிவிடியில் அதே பிரேம்கள் நொடிக்கு 25 ஆக ஓடுகின்றன. ஒரு காட்சியைக்கூட வெட்டாமலே படம் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கிவிடும். அமெரிக்காவில் விற்கும், அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க்கில் இந்தச் சுருக்கம் கிடையாது.

இது எவ்வளவு பெரிய குழப்பம் என்பதற்கு ஆலிவர் ஸ்டோனின் 'அலெக்சாண்டர்' போதும். 2004இல் தியேட்டருக்கு வந்த பதிப்பு 175 நிமிடம். அடுத்த ஆண்டு டிவிடியில் வந்த டைரக்டர்ஸ் கட் 167 நிமிடம். ஆம், குறைவுதான். இப்போது 175ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள்: 168. பால் டிவிடியில் ஓடும் தியேட்டர் கட்டும், அமெரிக்க டிஸ்க்கில் ஓடும் டைரக்டர்ஸ் கட்டும் நேரத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். நிமிடத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் எதை வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது. ப்ளூரேயில் சினிமா வேகத்திலேயே ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஒப்பிடுவதற்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் ப்ளூரே வாங்குங்கள்.

எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிராந்திய எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய டிவிடிக்கு எண் 5, வளைகுடாவுக்கு 2, சிங்கப்பூருக்கு 3. ப்ளூரேயில் நமக்கு சி, வளைகுடாவுக்கு பி, சிங்கப்பூருக்கு ஏ. மச்சான் அனுப்பிய டிஸ்க் உங்கள் பிளேயரில் ஓடவில்லை என்றால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள். 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு கிடையாது.

நம்மூர்ப் பழைய படங்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. பிலிம் காலத்துச் சென்சார் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்றால் சுமார் 146 நிமிடம். டிஸ்க்கில் படத்தோடு சான்றிதழும் ஓடினால் அங்கேயே நிறுத்தி வகுத்துப் பாருங்கள். டிஸ்க்காரர் கத்தரி வைத்திருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். பால் வேகக் கழிவைக் கொடுக்க மறக்காதீர்கள்.

உறையில் எழுதியிருக்கும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கிளாடியேட்டர்' 2000இல் 155 நிமிடமாக வந்தது. பிறகு வந்த நீண்ட பதிப்பு 171 நிமிடம். அந்த டிஸ்க்கின் முன்னுரையில் ரிட்லி ஸ்காட்டே வந்து, தன் டைரக்டர்ஸ் கட் தியேட்டரில் ஓடியதுதான் என்கிறார். 'எக்ஸ்டெண்டட்' என்று போட்டிருந்தால் காட்சி கூடியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

சின்னதை முதலில் பாருங்கள்

ஒப்பிடுவதற்குப் பார்க்கும்போது வரிசை முக்கியம். தியேட்டர் கட்டை முதலில் பாருங்கள். பெரியதைப் பார்த்துவிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்பது அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாது. மனசு தானாகவே நிரப்பிக்கொள்ளும். பார்க்கும்போது ரசனை எழுத வேண்டாம், கேள்வி எழுதுங்கள். "இவர் ஏன் இப்படிச் செய்தார்?", "இந்த ஆள் யார்?" இந்த இரண்டு கேள்வி எங்கெல்லாம் எழுகிறதோ அங்கெல்லாம் கத்தரி பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஜெருசலேமுக்காக நடந்த சிலுவைப் போரைச் சொல்லும் ரிட்லி ஸ்காட்டின் 'கிங்டம் ஆஃப் ஹெவன்' இதற்கு நல்ல பாடம். 2005இல் தியேட்டரில் 144 நிமிடம். டைரக்டர்ஸ் கட், தொடக்க இசையும் இடைவேளை இசையும் சேர்ந்த ரோட்ஷோ வடிவில், 194 நிமிடம். ஐம்பது நிமிட வித்தியாசம். சின்னதை வீட்டில் போட்டபோது, ஜெருசலேம் முற்றுகையில் அரசி சிபில்லா தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு நடைப்பிணமாக இருப்பதைப் பார்த்து எங்கள் லாத்தா (அக்கா) கேட்டார்: "ஏன்டா, இவ எதுக்கு முடிய வெட்டிக்கிட்டா? தம்பி மவுத்தானதுக்கு இம்புட்டு நாள் கழிச்சா?" அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிவைத்தேன். அதைவிடச் சரியாக யாரும் கேட்டுவிட முடியாது.

பதில் பெரிய பதிப்பில் இருக்கிறது. சிபில்லாவுக்கு ஒரு சின்ன மகன். மாமன், அரசன் பால்ட்வின் தொழுநோயில் இறந்ததும் அந்தப் பிள்ளைக்கு முடிசூட்டுகிறார்கள். அவனுக்கும் அதே நோய் தொடங்கியிருப்பது தாய்க்குத் தெரிய வருகிறது. தம்பி அனுபவித்ததை மகனும் அனுபவிக்கக் கூடாது என்று அவளே அவன் காதில் நஞ்சை ஊற்றுகிறாள். இந்தப் பிள்ளை தியேட்டர் கட்டில் இல்லவே இல்லை. ஓர் ஆளை முழுசாக எடுத்துவிட்டு, அவன் சாவின் துக்கத்தை மட்டும் தாயின் முகத்தில் மிச்சம் வைத்திருக்கிறார்கள். சின்னதில் அவள் காதலுக்காக வந்த அழகி. பெரியதில் படத்தின் பாரத்தில் பாதியைச் சுமப்பவள்.

அதே படத்தில் நாயகன் பாலியன் என்ற கொல்லன் கொல்லும் பாதிரியாரையும் பின்தொடருங்கள். பெரிய பதிப்பில் அவர் பாலியனின் சொந்தச் சகோதரர், தாய் வழியில். சின்னதில் யாரோ ஒரு கெட்ட மனிதர். கத்திக்குத்து ஒன்றுதான், ஒன்றில் அது ஆத்திரம், இன்னொன்றில் உடன்பிறந்தவனின் ரத்தம். பாலியன் முற்றுகைக் கருவிகள் செய்யத் தெரிந்தவன் என்ற பின்னணியும் பெரியதில்தான் விரிகிறது. அது தெரிந்தால்தான், கொல்லன் ஒருவன் கோட்டையைக் காக்க வழி சொல்வதை நம்ப முடிகிறது.

நோட்டும் நங்கூரமும்

இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் நோட்டில் நேரம் குறிக்கத் தொடங்க வேண்டும். முதலில் இரண்டு பதிப்பிலும் மாறாமல் இருக்கும் காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். நான் அவற்றை நங்கூரம் என்பேன். 'கிங்டம் ஆஃப் ஹெவ'னில் கடைசி நங்கூரத்துக்கு நல்ல இடம், முற்றுகையிட்ட சுல்தான் சலாவுதீன் நகருக்குள் வந்து கீழே கிடக்கும் சிலுவையை எடுத்து மேசை மேல் நிறுத்திவைக்கும் காட்சி. ஏழெட்டு நங்கூரம் போதும். ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்கிலும் எந்த நிமிடத்தில் வருகிறது என்று எழுதி, கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு நங்கூரத்தில் வித்தியாசம் 12 நிமிடம், அடுத்ததில் 19 நிமிடம் என்றால், இடையில் 7 நிமிடம் கூடியிருக்கிறது. அந்த இடைவெளியில் மட்டும் தேடினால் போதும். மூன்று மணி நேரத்தையும் சலிக்க வேண்டியதில்லை.

கண்டுபிடித்ததை வகை பிரித்து எழுதுங்கள். முழுக்கப் புதிய காட்சியா, பழைய காட்சி நீண்டிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா, அதே காட்சிக்கு வேறு ஷாட் போட்டிருக்கிறார்களா, இசை மட்டும் மாறியதா. கடைசி இரண்டைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்.

இரண்டு பதிப்பும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், பொதுவான காட்சிகள் ஒரு தடவைதான் பதிவாகியிருக்கும். தேவையான இடத்தில் பிளேயர் தாவிக்கொள்ளும். பழைய பிளேயர் சிலவற்றில் அந்தத் தாவலின்போது படம் ஒரு கணம் நிற்கும். கூர்ந்து பார்க்கிறவருக்கு அதுவே அடையாளம். கம்ப்யூட்டர் இருந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றின் ஒலியை அணைத்துவிட்டு, நங்கூரத்திலிருந்து இரண்டையும் சேர்த்து ஓட விடலாம். நிறம் மாறியிருக்கிறது என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இரண்டு டிஸ்க்கும் வெவ்வேறு காலத்தில் பிரிண்டிலிருந்து எடுத்தவையாக இருந்தால் நிறம் வேறாகத்தான் இருக்கும். இயக்குநருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

நங்கூரம் பிடிக்காத படம் 'அலெக்சாண்டர்'. அந்த 167 நிமிடப் பதிப்பில் ஸ்டோன் 17 நிமிடத்தை எடுத்துவிட்டு 9 நிமிடம் புதிதாகச் சேர்த்தார். நிகர வித்தியாசம் 8 நிமிடம்தான்; கை வைத்ததோ 26 நிமிடத்தில். அதனால்தான் நீளத்தைக் கழித்துப் பார்ப்பது மட்டும் போதாது என்கிறேன். 2007இல் வந்த 214 நிமிடப் பதிப்பில் வரிசையே மாறிவிட்டது. கி.மு. 331இல் நடந்த கௌகமேலா போர் தொடக்கத்துக்கே வந்துவிடுகிறது. சிறுவயதும் படையெடுப்பும் மாறி மாறி வருகின்றன. 2014இல் இன்னொரு பதிப்பும் வந்தது, அது சுமார் 206 நிமிடம். இப்படிப்பட்ட படத்துக்கு நேரம் எழுதிப் பயனில்லை. காட்சிக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதுங்கள். தரையில் இரண்டு வரிசையாகப் பரப்பி, ஒரே காட்சியின் சீட்டுகளை நூலால் இணையுங்கள். நூல் குறுக்கே வெட்டும் இடங்களில்தான் ஸ்டோன் மனசு மாற்றியிருக்கிறார். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

சப்டைட்டிலும் உளவு சொல்லும்

சபுராளி கொண்டுவந்த டிஸ்க்குக்குத் தனியாக ஒரு சப்டைட்டில் கோப்பு போட்டுப் பாருங்கள். வசனம் கொஞ்சம் கொஞ்சமாக, நிமிடத்துக்கு இரண்டு இரண்டரை நொடி விலகிக்கொண்டே போனால், அது பால் வேக வித்தியாசம். வெகுநேரம் சரியாக வந்து ஓர் இடத்தில் சட்டென்று இரண்டு நிமிடம் தள்ளிப்போனால், அங்கே ஒரு காட்சி கூடியோ குறைந்தோ இருக்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு நான் பயன்படுத்தும் வழி இதுதான்.

டப்பிங்கும் இப்படி உதவும். தியேட்டர் கட்டுக்குச் செய்த டப்பிங்தான் பெரும்பாலும் கிடைக்கும். நீண்ட பதிப்பில் டப்பிங் ஒலித்தடம் போட்டுப் பார்த்தால், சேர்த்த காட்சி வந்ததும் பல டிஸ்க்குகளில் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல், நமக்கு வரம்.

காதால் ஒப்பிடுவது

'ட்ராய்' 2004இல் 163 நிமிடம். 2007இன் டைரக்டர்ஸ் கட் 196 நிமிடம். ரத்தமும் வன்முறையும் கூடியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது இசை. ஜேம்ஸ் ஹார்னரின் பின்னணி இசையில் பல இடங்களில் கை வைத்திருக்கிறார்கள். ஹெக்டரும் அக்கிலிஸும் மோதும் காட்சியை இரண்டு பதிப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அடி விழுவது ஒன்றுதான். நெஞ்சு அடித்துக்கொள்வது வேறு வேறாக இருக்கும். இங்கே நான் தியேட்டர் கட்டின் பக்கம்.

பழைய படங்களை மீட்டெடுத்த பதிப்புகளிலும் காதுக்கு வேலை உண்டு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962இல் வந்த பிறகு வெட்டுப்பட்டது. 1989இல் ராபர்ட் ஹாரிஸ் மீட்டெடுத்தபோது சில காட்சிகளுக்குப் படம் இருந்தது, ஒலி இல்லை. நாயகன் பீட்டர் ஓடூல் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்து தன் இளவயது முகத்துக்குத் தானே குரல் கொடுத்தார். 'ஸ்பார்டகஸ்' 1991இல் மீட்கப்பட்டபோது லாரன்ஸ் ஒலிவியர் உயிருடன் இல்லை. அவரும் டோனி கர்டிஸும் பேசும் குளியலறைக் காட்சியில் ஒலிவியருக்கு ஆண்டனி ஹாப்கின்ஸ் குரல் கொடுத்தார். ஹெட்போன் போட்டுக் கேட்டால், அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அறையின் எதிரொலி வேறாகத் தெரியும். குரல் தடித்திருக்கிறதா, மூச்சு மாறுகிறதா என்று பாருங்கள்.

காற்று திரும்பும் வரை

ஜான் வூவின் 'ரெட் கிளிஃப்' சீனாவில் 2008, 2009 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. இரண்டும் சேர்ந்து நாலே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். வெளிநாடுகளுக்கு அதை ஒரே படமாக்கி 148 நிமிடத்துக்குச் சுருக்கினார்கள். கடற்கரைக்காரர்கள் இதை அவசியம் இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். கதை நடப்பது கி.பி. 208இன் குளிர்காலத்தில், யாங்சே ஆற்றில். வடகரையில் சாவ் சாவின் பெரும் கப்பல் படை. தென்கரையில் சிறு படை. தீ வைத்த படகுகளை அனுப்ப வேண்டும். வடமேற்குக் காற்றில் அனுப்பினால் நெருப்பு தங்கள் மேலேயே திரும்பும். தென்கிழக்குக் காற்று வரும் வரை காத்திருக்கிறார்கள்.

நமக்கு இதைப் புரியவைக்க யாரும் வேண்டியதில்லை. வாடைக்காற்றில் வடகடல் குமுறும், கச்சான் காற்றில் தென்கடல் குமுறும்; காற்றைப் பார்த்துத்தான் வள்ளம் இறங்கும். சங்கு குளிக்கும் மச்சான் ஒருவரோடு நான் இதைப் பார்த்தேன். கொடி திரும்பும் காட்சிக்கு அவர் காத்திருக்கவில்லை. "காத்து மாறுறத கொடியா சொல்லணும்? தண்ணியப் பாரு, அது முன்னாடியே சொல்லிரும்" என்று திரையில் அலையைக் காட்டினார். அதற்குப் பிறகு நான் இரண்டு பதிப்பிலும் கொடியை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்தேன். நீண்ட பதிப்பில் காத்திருப்பு உண்மையிலேயே காத்திருப்பாக இருக்கிறது. தளபதியின் மனைவி எதிரியின் முகாமுக்குப் போய்த் தேநீர் காய்ச்சிக் கொடுத்து நேரத்தை இழுக்கிறாளே, அந்த ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எடை வருகிறது. சுருக்கிய பதிப்பிலும் அவள் போகிறாள், தேநீரும் உண்டு. ஆனால் காற்று நமக்காகவே வந்ததுபோல் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆண் வேடத்தில் எதிரி முகாமுக்குள் போகும் இளவரசிக்கும் அங்கே அவளை நம்பும் சிப்பாய்க்கும் உள்ள நட்பும் அதில் சுருங்கிப்போகிறது. போர்க்களத்தில் அந்தச் சிப்பாய் விழும்போது யாருக்காக அழுகிறோம் என்பதே பெரியதைப் பார்த்தால்தான் தெரியும். சின்னதைத் தனியாகப் பார்த்துவிட்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

பெரியது என்பதால் உண்மையாகிவிடாது

ஒப்பிட்டு முடித்ததும் சரித்திரப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். நீண்ட பதிப்பு நல்ல படமாக இருக்கலாம். அதனாலேயே நல்ல சரித்திரம் ஆகிவிடாது. 'கிங்டம் ஆஃப் ஹெவ'னில் வரும் அந்தப் பிள்ளை, ஐந்தாம் பால்ட்வின், 1186இல் சிறுவனாகவே இறந்தது நிஜம். தாய் நஞ்சு ஊற்றினாள் என்பதற்கு ஆதாரம் இல்லை, அது திரைக்கதை. நிஜ பாலியன் கொல்லனே அல்ல, அந்த மண்ணின் பிரபு. 1187 அக்டோபர் 2ஆம் தேதி அவர் ஜெருசலேமை சலாவுதீனிடம் ஒப்படைத்தது மட்டும் நிஜம். என் நோட்டில் இதற்கென்று தனிப் பக்கம் உண்டு. சேர்த்த காட்சிகளில் எது ஆவணத்திலிருந்து வந்தது, எது கற்பனை என்று அதில் பிரித்து எழுதுவேன். இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரில் சேதுபதியும் தஞ்சை மராட்டியரும் மோதும் போர்க்காட்சி இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி எனக்கு வரும்: வரையச் சொன்னவர் யார்? படத்துக்கும் அதையே கேளுங்கள். கட் செய்தவர் யார், ஸ்டுடியோவா, இயக்குநரா? டிஸ்க்கில் இயக்குநரின் விளக்க ஒலித்தடம் இருந்தால், இரண்டு பதிப்பையும் பார்த்து முடித்த பிறகு மட்டும் அதைக் கேளுங்கள். முன்னாலேயே கேட்டால் அவர் கண்ணால்தான் பார்ப்பீர்கள்.

டிஸ்க்கைக் காப்பாற்ற

நம் பக்கத்து உப்புக்காற்று டிஸ்க்குக்கு எமன். ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் அங்கே இருக்கும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். உறையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டு, பீரோவுக்குள் நிமிர்த்தி வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. பிளேயரையும் துணி போட்டு மூடிவையுங்கள். லென்ஸில் உப்பு படிந்தால் நல்ல டிஸ்க்கே திக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'கிங்டம் ஆஃப் ஹெவ'னில் தொடங்குங்கள். வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். அடுத்து 'ரெட் கிளிஃப்'. காது பழகியபின் 'ட்ராய்'. 'அலெக்சாண்ட'ருக்குத் துண்டுச்சீட்டும் நூலும் நீளமான தரையும் வேண்டும். வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்கோ தர்கா உர்ஸுக்கோ போயிருக்கும் நாளாகப் பார்த்து எடுத்துவையுங்கள்.